புயலுக்குப் பெயர் சூட்டியவர்

மனிதனுக்குப் பெயர் உண்டு. ஊருக்குப் பெயர் உண்டு. வீட்டில் வளர்க்கும் மாட்டுக்கும் கூடப் பெயர் உண்டு. அடித்துவிட்டுப் போகிற காற்றுக்கும் ஒரு பெயர் வைத்தால் எப்படி?

இன்று அது சர்வ சாதாரணம். 2016-ல் சென்னையைத் தாக்கிய புயலின் பெயர் வர்தா. 2017-ல் குமரிக் கடலில் மீனவர்களைப் பலி கொண்ட புயல் ஒக்கி. 2018-ல் தஞ்சைச் சீமையில் தென்னந்தோப்புகளைச் சாய்த்த புயல் கஜா. ஆண்டும் தேதியும் மறந்து போகலாம். அந்தப் பெயர்களை யாரும் மறப்பதில்லை.

இப்படிப் புயல்களுக்கு ஒழுங்காக, ஒன்றன் பின் ஒன்றாகப் பெயர் வைக்கத் தொடங்கியவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் பெயர் கிளமெண்ட் ராக். நெட்டையான, ஒல்லியான உருவம். செம்பட்டைத் தலைமுடி. மூக்கின் மேல் கோபம். அவர் பெயர் வைத்த போது சிலர் சிரித்தார்கள், சிலர் ஆத்திரப்பட்டார்கள். பிறகு மறந்தே போனார்கள். ஆனால் அவர் செய்த காரியத்தைப் பின்னால் உலகமே செய்தது.

பாட்டி வளர்த்த பிள்ளை

இங்கிலாந்து நாட்டில் ஸ்டவர்பிரிட்ஜ் என்ற ஊரில் 1852-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி ராக் பிறந்தார். தந்தை வக்கீல். ஆனால் சிறு வயதிலேயே தாயும் இறந்தார், தந்தையும் இறந்தார். அநாதையாகிவிட்ட குழந்தையைப் பாட்டி எடுத்து வளர்த்தாள்.

பாட்டியின் ஊர் மரமும் செடியும் நிறைந்த கிராமப்புறம். வானத்தையும் நட்சத்திரங்களையும் காட்டி, பாட்டி பேரனுக்குப் பாடம் சொன்னாள். மேகம் ஏன் கறுக்கிறது, காற்று ஏன் திசை மாறுகிறது என்ற கேள்விகள் அந்தப் பையனின் மனதில் அப்போதே விழுந்துவிட்டன.

பாட்டியும் காலமானாள். பையன் உறவினர் வீட்டுக்குப் போனான். வளர்ந்ததும் தந்தையைப் போலவே லண்டனில் சட்டம் படித்தார். ஆனால் மனம் சட்டப் புத்தகத்தில் நிற்கவில்லை. உலகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிடித்து ஆட்டியது. எகிப்துக்குப் போனார். பாலஸ்தீனத்துக்குப் போனார். கப்பல் ஏறி ஆஸ்திரேலியாவுக்கும் போனார். அங்கே 1876-ல் நில அளவை இலாகாவில் வேலை கிடைத்தது. மறு ஆண்டு லியனோரா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து கொண்டார். பிறகு மனைவியுடன் இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

தினமும் மலை ஏறினார்

அந்தக் காலத்தில் வானிலை சாஸ்திரம் குழந்தைப் பருவத்தில் இருந்தது. மலை உச்சியில் காற்று எப்படி இருக்கிறது, அதே நேரத்தில் மலையடிவாரத்தில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் மழையையும் புயலையும் முன்கூட்டியே அறியலாம் என்று விஞ்ஞானிகள் நம்பினார்கள்.

காற்றுக்கும் எடை உண்டு. அந்த எடை எப்போதும் பூமியை அழுத்திக் கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தை அளக்கும் கருவிக்குப் பாரமானி என்று பெயர். ஓர் இடத்தில் அழுத்தம் குறைந்தால், சுற்றிலும் உள்ள காற்று அந்த இடத்தை நோக்கி ஓடி வரும். கடல் மீது அழுத்தம் வேகமாகக் குறைந்தால் புயல் உருவாகிறது என்று அர்த்தம்.

ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் என்று ஒரு மலை இருக்கிறது. பிரிட்டனிலேயே உயரமான மலை அதுதான். உயரம் சுமார் 4,400 அடி. அதன் உச்சியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் கட்ட ஸ்காட்லாந்து வானிலைச் சங்கம் விரும்பியது. ஆனால் பணம் இல்லை.

நிலையம் கட்டும் வரை நான் தினமும் ஏறி இறங்குகிறேன் என்று முன்வந்தார் ராக். எல்லோரும் திகைத்தார்கள்.

1881-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி ஏறத் தொடங்கினார். விடியற்காலையில் புறப்படுவார். பனி, மழை, சுழற்காற்று எதற்கும் நிற்க மாட்டார். உச்சியில் பாரமானியைப் பார்த்துக் குறித்துக் கொண்டு இறங்குவார். மறு நாள் மறுபடியும் ஏறுவார். அக்டோபர் மாத நடுவில் குளிர் முற்றும் வரை இப்படியே நடந்தது.

அவர் உச்சியில் குறிக்கும் அதே நேரத்தில், கீழே போர்ட் வில்லியம் என்ற ஊரில் லியனோரா கருவிகளைப் பார்த்துக் குறித்தாள். இரண்டு கணக்கும் சேர்ந்தால்தான் பயன். புருஷன் மலை மேல், பெண்டாட்டி மலை அடியில் என்று அந்தக் குடும்பம் விஞ்ஞானத்துக்கு உழைத்தது.

கிளமெண்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சாந்தமானது என்று பொருள். இன்கிளமெண்ட் என்றால் கொடிய மழையும் குளிரும் உள்ள வானிலை. எந்த மழையிலும் மலை ஏறுகிற இந்த மனிதருக்கு, இன்கிளமெண்ட் ராக் என்று ஜனங்கள் வேடிக்கைப் பெயர் சூட்டினார்கள். ஊருக்கெல்லாம் பெயர் வைக்கப் போகிறவருக்கு முதலில் ஊர் பெயர் வைத்துவிட்டது!

1882-ல் வானிலைச் சங்கம் அவருக்குத் தங்க மெடல் கொடுத்தது. 1883-ல் மலை உச்சியில் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அதன் தலைவர் பதவிக்கு ராக் மனுப் போட்டார். கால் தேய ஏறியவருக்கே அந்த வேலை கிடைக்கும் என்று யாரும் நினைப்பார்கள். வேறொருவருக்குக் கிடைத்தது. மனம் வெறுத்த ராக், குடும்பத்துடன் மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்.

கம்பி வழியே வந்த வானிலை

அப்போது ஆஸ்திரேலியா ஒரே நாடாக இருக்கவில்லை. ஆறு தனித்தனிக் குடியேற்ற நாடுகளாக, பிரிட்டிஷார் ஆட்சியின் கீழ் இருந்தது. வடகிழக்கில் இருப்பது குவீன்ஸ்லாந்து. அதன் நீண்ட கடற்கரையில் ஆண்டுதோறும் சூறாவளி தாக்கும். கப்பல்கள் உடையும். எச்சரிக்கை கொடுக்க ஆள் இல்லை.

1887-ம் ஆண்டு ஜனவரி முதல் குவீன்ஸ்லாந்து சர்க்கார் ராக்கைத் தங்கள் வானிலை அதிகாரியாக நியமித்தது. அவர் பிரிஸ்பேன் நகரில் அலுவலகம் அமைத்தார். ஊர் ஊராகப் போய்க் கருவிகளை வைத்தார். அங்கிருந்தவர்களுக்குக் குறிப்பு எடுக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் குறிப்புகள் தந்திக் கம்பி வழியே பிரிஸ்பேனுக்கு வந்து சேரும். அவற்றை ஒரு படத்தில் குறித்து, காற்றழுத்தம் எங்கே குறைகிறது, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டுபிடிப்பார். வானிலை அறிக்கை பத்திரிகைகளில் வெளியாகும்.

குவீன்ஸ்லாந்தோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியா முழுவதற்கும் வானிலை சொல்லத் தொடங்கினார். தம் அலுவலகத்துக்குத் தலைமை வானிலை நிலையம் என்று தாமே பெயர் வைத்துக் கொண்டார். மற்றப் பகுதிகளின் அதிகாரிகளுக்கு இது பொறுக்குமா? எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்ல இவர் யார் என்று சண்டைக்கு வந்தார்கள். ராக்கும் சண்டைக்குச் சளைத்தவர் அல்ல.

பெயர் எதற்கு?

அதற்கு முன்பும் சில புயல்களுக்குப் பெயர் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் ஸ்பானியர்கள், புயல் அடித்த நாள் எந்த மகானின் திருநாளோ அவர் பெயரைப் புயலுக்கு வைத்தார்கள். 1876-ல் செப்டம்பர் 13-ந் தேதி போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கிய புயலுக்கு சான் பெலிப்பே என்று பெயர். 1928-ல் அதே செப்டம்பர் 13-ந் தேதி அதே தீவில் இன்னொரு பெரும் புயல் அடித்தது. அதற்கும் அதே பெயர்தான். இரண்டாவது சான் பெலிப்பே என்று சொல்லிப் பிரிக்க வேண்டியதாயிற்று. மேலும், இந்தப் பெயர் புயல் அடித்த பிறகு வைப்பது. வரும் முன் எச்சரிக்க உதவாது.

ராக் செய்தது வேறு. புயல் கடலில் இருக்கும்போதே பெயர் வைத்தார். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று காற்றழுத்த மண்டலங்கள் நகர்ந்து கொண்டிருக்கும். இந்த ரேகையில் உள்ளது, அந்த ரேகையில் உள்ளது என்று எழுதினால் படிக்கிறவனுக்குத் தலை சுற்றும். தந்தியில் ஒரு எண் தவறினால் ஊரே மாறிவிடும். பெயர் வைத்துவிட்டால், நேற்று அங்கே இருந்தது இன்று இங்கே வந்திருக்கிறது என்று யாரும் எளிதில் புரிந்து கொள்ளலாம்.

முதலில் ஆல்பா, பீட்டா என்று கிரேக்க எழுத்துக்களை வைத்தார். 1896-ம் ஆண்டு ஜனவரியில் டவுன்ஸ்வில் நகரைப் பாழாக்கிய புயலின் பெயர் சிக்மா. அதுவும் ஒரு கிரேக்க எழுத்துத்தான். எழுத்துக்கள் தீர்ந்ததும் புராணப் பெயர்களுக்குப் போனார். அப்புறம் பசிபிக் தீவுகளில் வழங்கும் பெண்களின் பெயர்களைச் சூட்டினார். அப்படி வந்த பெயர்களில் ஒன்று மஹினா.

மஹினா

1899-ம் ஆண்டு மார்ச் மாதம். குவீன்ஸ்லாந்தின் வட கோடியில் பாதர்ஸ்ட் விரிகுடா என்ற இடம். முத்துச்சிப்பி எடுக்கும் படகுகள் அங்கே கூட்டமாக நங்கூரம் போட்டு நின்றன. ஜப்பானியர், மலாய்க்காரர், தீவுவாசிகள், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் என்று பல இனத்தாரும் அவற்றில் வேலை செய்தார்கள். சிப்பிக்காகக் கடலடியில் இறங்கும் ஏழை உழைப்பாளிகள்.

4-ந் தேதி இரவு மஹினா வந்தது. ஒரே இரவில் ஐம்பதுக்கும் அதிகமான படகுகள் அழிந்தன. முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கரையில் மேட்டின் மீது கூடாரம் அடித்திருந்த ஒரு போலீஸ் அதிகாரியின் இடுப்பு வரை கடல் நீர் ஏறியது. கரைக்கு உதவ ஓடி வந்த பழங்குடி மக்களையும் அலை இழுத்துச் சென்றது. ஆஸ்திரேலியாவில் அதிக உயிர்களைப் பறித்த புயல் இன்று வரை அதுதான்.

புயலுக்குப் பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் போய்ச் சேர வழி இல்லை. கடலில் நிற்கும் படகுக்குத் தந்திக் கம்பி இல்லை. கம்பியில்லாத் தந்தி அந்தப் படகுகளை எட்டாத காலம் அது. அந்த மீகாமன்களுக்கு வானத்தின் நிறமும் கையிலிருந்த பாரமானியும்தான் துணை. எச்சரிக்கை என்பது, அது யாருக்குத் தேவையோ அவர் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் பெயரால் பயன் இல்லை. முந்நூறு உயிர்கள் கற்றுக் கொடுத்த பாடம் இது.

மந்திரிகள் பெயரில் புயல்

1901-ல் ஆறு பகுதிகளும் சேர்ந்து ஆஸ்திரேலியா ஒரே நாடு ஆயிற்று. நாடு முழுவதற்கும் ஒரே வானிலை இலாகா வேண்டும், அதற்குத் தாமே தலைவராக வேண்டும் என்பது ராக்கின் ஆசை. மந்திரிகள் அசையவில்லை. காலம் கடத்தினார்கள்.

ராக்குக்குக் கோபம் வந்தது. அரசியல்வாதிகளின் பெயர்களைப் புயல்களுக்கு வைக்கத் தொடங்கினார்! பார்ட்டன் என்று ஒரு பெயர். அது முதல் பிரதம மந்திரியின் பெயர். டீக்கின் என்று ஒரு பெயர். அவர் இரண்டாவது பிரதம மந்திரி. டிரேக் என்று ஒரு பெயர். அவரும் ஒரு மந்திரி. மந்திரியின் பெயரைத் தாங்கிய புயல் கடலில் வழி தெரியாமல் அலைகிறது என்று பத்திரிகையில் படித்தால் ஜனங்கள் சிரிக்காமல் இருப்பார்களா?

ஊர் சிரித்தது. ஆனால் பணப் பெட்டியின் சாவி மந்திரிகள் கையில் இருந்தது.

மேகத்தைச் சுட்ட பீரங்கி

அந்தச் சமயத்தில் ஆஸ்திரேலியாவைக் கொடிய பஞ்சம் பிடித்தது. பல ஆண்டுகளாக மழை இல்லை. ஆடுகளும் மாடுகளும் செத்து விழுந்தன. ராக் ஐரோப்பாவுக்குப் போனபோது ஆஸ்திரியாவில் ஒரு வேடிக்கையான பீரங்கியைப் பார்த்திருந்தார். திராட்சைத் தோட்டங்களில் ஆலங்கட்டி மழையைத் தடுக்க அதை வானத்தை நோக்கிச் சுடுவார்கள். புனலைப் போன்ற வடிவம். மூன்று ஆள் உயரம்.

அதைக் கொண்டு மழையை வரவழைத்தால் என்ன என்று ராக் நினைத்தார். 1902-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சார்லவில் என்ற ஊரில் ஆறு பீரங்கிகளை நிறுத்தி மேகத்தை நோக்கிச் சுட்டார்கள். சத்தம் வந்தது; மழை வரவில்லை. ராக்கின் புகழுக்கு அது பெரிய அடி. மழைக்காக ஏங்கி நின்ற ஜனங்களுக்கு ஏமாற்றம். அந்தப் பீரங்கிகள் சில இன்னும் அந்த ஊரில் காட்சிப் பொருளாக நிற்கின்றன.

சர்க்கார் அவருடைய இலாகாவுக்குக் கொடுத்த பணத்தைக் குறைத்தது. 1903-ல் ராக் வேலையை விட்டு விலகினார்.

கடைசிக் காலம்

1908-ம் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியா முழுவதற்குமான வானிலை இலாகா வேலை தொடங்கியது. ராக் கண்ட கனவு பலித்தது. ஆனால் தலைவர் பதவி சிட்னி வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஹென்றி ஹண்ட் என்பவருக்குப் போயிற்று. பென் நெவிஸ் மலையில் நடந்தது இரண்டாம் முறையும் நடந்தது. புயல்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கமும் அத்துடன் நின்றது.

ராக் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்து பிழைத்தார். 1908-ல் இந்தியாவுக்கும் வந்து வானத்தைப் பற்றிச் சொற்பொழிவு செய்தார். 1910-ல் நியூஸிலாந்தில் ஆக்லாந்து நகரை அடுத்த பர்க்கன்ஹெட் என்ற ஊரில் குடியேறினார். மலையடியில் நின்று கருவி பார்த்த லியனோராவை அவர் அப்போது பிரிந்திருந்தார். பர்க்கன்ஹெட்டில் ஒரு பொருட்காட்சிச் சாலை அமைத்தார். பனை இனத்து மரங்களை வைத்து அழகான தோட்டம் போட்டார். 1915-ல் அவருடைய மகன் ஒருவர் கல்லிப்போலிப் போரில் காயமடைந்து இறந்தார்.

1922-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ராக் காலமானார். அவருக்கு வயது 70. புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் மறுபடியும் வரும் என்பதற்கு அன்று ஓர் அறிகுறியும் இல்லை.

பெயர் திரும்பி வந்தது

அவர் இறந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகு, 1941-ல், ஜார்ஜ் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் புயலைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதில் வரும் வானிலை இலாகா வாலிபன் ஒரு புயலுக்கு மரியா என்று பெயர் வைக்கிறான். இரண்டாவது உலக யுத்தத்தில் பசிபிக் கடலில் பணியாற்றிய அமெரிக்க வானிலை அதிகாரிகள், ஊரில் விட்டு வந்த மனைவியர், காதலியர் பெயர்களைப் புயல்களுக்கு வைத்தார்கள்.

1953-ல் அமெரிக்க சர்க்காரே அட்லாண்டிக் கடல் புயல்களுக்குப் பெண்களின் பெயரை வைக்கத் தொடங்கியது. ராக் வாழ்ந்த ஆஸ்திரேலியாவில் 1964-ம் ஆண்டு ஜனவரியில் பெஸ்ஸி என்ற புயலோடு வழக்கம் திரும்பி வந்தது.

நாசம் செய்யும் புயலுக்கெல்லாம் பெண் பெயர்தானா என்று பெண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1975-ல் ஆஸ்திரேலியாவும், 1979-ல் அட்லாண்டிக் பகுதியும் ஆண் பெயர்களையும் சேர்த்துக் கொண்டன. இப்போது அட்லாண்டிக் கடலுக்கு ஆறு பட்டியல்கள் உண்டு. ஒரு பட்டியலில் 21 பெயர்கள். ஆறு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதே பட்டியல் திரும்பி வரும். பெரும் நாசம் செய்த புயலின் பெயரை மட்டும் நீக்கிவிடுவார்கள். 2005-ல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா என்ற பெயர் அப்படி நீக்கப்பட்டது.

வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் 2004-ல் இந்த வழக்கம் வந்தது. முதலில் எட்டு நாடுகள் சேர்ந்து பெயர்களைக் கொடுத்தன. வர்தா பாகிஸ்தான் கொடுத்த பெயர். ஒக்கி வங்காள தேசம் கொடுத்தது. கஜா இலங்கை கொடுத்தது. 2020-ல் வெளியான புதிய பட்டியலில் 13 நாடுகள், நாட்டுக்கு 13 பெயர்கள், மொத்தம் 169 பெயர்கள். இங்கே ஒரு பெயரை ஒரு முறைதான் வைப்பார்கள். காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும், டெல்லியில் உள்ள வானிலை இலாகா வரிசையில் அடுத்த பெயரைச் சூட்டும். இந்தியா கொடுத்த 13 பெயர்களில் ஒரு தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. அது முரசு.

பெயர் சின்னதாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. சொல்ல எளிதாக இருக்க வேண்டும். யார் மனதையும் புண்படுத்தக் கூடாது என்றெல்லாம் விதிகள் உண்டு. அரசியல் கலந்த பெயரும் கூடாது. ராக் செய்ததில் அந்த ஒன்றை மட்டும் உலகம் விட்டுவிட்டது.

மஹினா வந்த இரவில் படகில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழி இல்லை. இன்று வானொலி சொல்கிறது. கையில் இருக்கும் டெலிபோன் சொல்கிறது. துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு சொல்கிறது. ஒரு புயலின் பெயர் காதில் விழுந்தால், பெயர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பேசிக் கொண்டு நிற்பதற்காக அது வைக்கப்படவில்லை. கடலில் இருப்பவர் கரைக்கு வர வேண்டும். தாழ்ந்த இடத்தில் இருப்பவர் குழந்தை குட்டிகளுடன் மேட்டுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் அந்தச் செம்பட்டைத் தலை மனிதர் காற்றுக்குப் பெயர் வைத்தார்.